டர்பனில் இறக்கப்படாத சரக்கு: தென்னாப்பிரிக்க வெளியுறவுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறையினருக்கு,

வணக்கம். காசா மக்களுக்காக 2023 டிசம்பர் 29 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் இஸ்ரேல் மீது நீங்கள் வழக்குத் தொடுத்தபோது கைதட்டியவன் நான். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு வாரம்கூட ஆகவில்லை, சூடானின் டார்ஃபூர் பகுதியில் நடந்த படுகொலைகளுக்காகக் குற்றம்சாட்டப்படும் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படையின் தலைவர் ஹெமெட்டியை உங்கள் அதிபர் பிரிட்டோரியாவில் வரவேற்றார். சமாதானம் பேசப் போகிறவர் எல்லோரையும் சந்தித்துத்தான் ஆக வேண்டும், சரி. அப்படியென்றால் 2015-இல், அதே டார்ஃபூர் குற்றங்களுக்காகச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தேடிக்கொண்டிருந்தபோதே உங்கள் நாட்டுக்கு வந்த அன்றைய சூடான் அதிபர் பஷீர் விஷயம்? அவரை வெளியேற விடக்கூடாது என்று உங்கள் உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வாட்டர்க்ளூஃப் விமானப்படைத் தளத்திலிருந்து அவர் பறந்துவிட்டார்.

உங்கள் நாட்டு வெளியுறவு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கத்தை எழுதியவர்கள் டர்பன் துறைமுகத் தொழிலாளர்கள். 2008 ஏப்ரலில் அன் யுவே ஜியாங் என்ற சீனக் கப்பல் ஜிம்பாப்வே ராணுவத்துக்கான தோட்டாக்களோடும் ராக்கெட் குண்டுகளோடும் அங்கே வந்து நின்றது. அதிபர் தேர்தல் முடிவை வெளியிடாமல் முகாபே ஆட்சி இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம். சரக்கு உங்கள் மண்ணைக் கடந்துபோக அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு அனுமதி கொடுத்தாயிற்று. தாள்களெல்லாம் சரியாக இருந்தனவாம்! இறக்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் குண்டுகள் யார் தலையில் விழும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலிக்கன் பிஷப் ரூபின் பிலிப் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் ஆயுதம் வாங்கிய நாடு அதை வேறு யாருக்கும் கைமாற்றிவிடவில்லை என்பதை உங்கள் அதிகாரிகள் நேரில் போய்ச் சோதிக்கலாம் என்று முன்பு ஒரு விதி இருந்தது. சவூதியும் அமீரகமும் அதற்கு ஒப்பவில்லை, ஏற்றுமதி தேங்கியது, 2020-இல் உங்கள் அரசு அந்த வாசகத்தைத் தளர்த்தியது. ஆர்எஸ்எஃப்-க்கு ஆயுதம் தருவதாகக் குற்றம்சாட்டப்படுவதும் அதே அமீரகம்தான். அவர்கள் மறுக்கிறார்கள். அந்த மறுப்பைச் சரிபார்க்கத்தானே அந்த விதி?

ஆயுத ஆலைகளில் வேலை போய்விடும் என்பார்கள். அது பொய்யான கவலை இல்லை. இருந்தாலும் அந்தப் பழைய வாசகத்தைத் திரும்பக் கொண்டுவரும்படி அமைச்சரவையில் நீங்கள் பேச வேண்டும். அது உங்கள் துறையின் வேலை இல்லை என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஹேக் வழக்கை விடாமல் கவனித்துவரும் ஒருவன்