அலைன்மென்ட்டுக்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

நேரான சாலையிலும் ஸ்டியரிங் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று எழுதியிருந்தாய். நாளைக்கே வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்கிற வேலை, பார்த்துவிடப் போவதாகவும் சொல்லியிருக்கிறாய். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அது கடைசி வேலை. மற்றதைச் சரிபார்க்காமல் அதைச் செய்தால் காசும் போகும், இழுப்பும் போகாது.

முதலில் காற்று. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் நாலு டயரையும் அளந்து பார். முன் டயர் ஒன்றில் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். கம்பெனி சொன்ன அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும், அதையே வை. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது உச்ச அளவு, அதுவரை அடிக்காதே. அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் தொடாமல் கையைக் காட்டிப் பார். முன்னால் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் சரி என்றால், முன்பக்கத்தைத் தூக்கி ஆட்டம் பார்க்கச் சொல். இதை மட்டும் நீ பக்கத்தில் நின்றே பார்க்க வேண்டும். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் பெரும்பாலும் ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேர்க்கிற டை ராடு எண்டு தேய்ந்திருக்கும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால், சக்கரம் இடம் வலம் திரும்ப உதவுகிற பால் ஜாயிண்ட்டோ, அது சுழல உதவுகிற பேரிங்கோ போயிருக்கும். ஆட்டத்தோடு எவ்வளவு துல்லியமாக அலைன்மென்ட் வைத்தாலும், வண்டி சாலையில் இறங்கியதும் அந்த அளவு நிற்காது. எனக்குக் கோபம் வருவதே இங்கேதான்: தேய்ந்த பாகத்தை அப்படியே விட்டுவிட்டு மெஷினில் ஏற்றிக் காசு வாங்குவது அநியாயம். டை ராடு எண்டு கழன்றால் வண்டி உன் கையில் இருக்காது. மாற்றச் சொன்னால் யோசிக்காமல் மாற்றிவிடு. மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம்.

மெஷினில் மூன்று கோணங்கள் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது, நாம் பாதங்களை உள்பக்கமாகத் திருப்பி நிற்பதுபோல இரண்டு சக்கரங்களும் முன்னால் நெருங்கியிருந்தால் அது டோ இன். விலகியிருந்தால் டோ அவுட். டயரை வேகமாகத் தின்பது இந்த டோதான். தேய்ந்த டயரின் குறுக்கே கையை ஓட்டினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் சொரசொரப்பாகவும் இருக்கும். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். அது மிஞ்சினால் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேயும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குத் திரும்ப வைப்பது காஸ்டர். பல சிறிய கார்களில் முன்பக்கம் டோ மட்டும்தான் திருகிச் சரிசெய்கிற மாதிரி இருக்கும். மற்ற இரண்டும் தப்பாகக் காட்டினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடச் சொல்.

ஸ்டியரிங் சாய்ந்து நிற்பதற்கும் வழி இருக்கிறது. முதலில் அதை நேராக வைத்து அசையாமல் பூட்டிவிட்டு, அப்புறம்தான் இரண்டு பக்க டை ராடுகளையும் திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் டோ அளவு சரியாக வரும், ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். முடிந்ததும், திருகிய அளவு நகராமல் பிடிக்கிற லாக் நட்டுகளை இறுக்கினார்களா என்று கேள். பின்சக்கரங்களையும் அளக்கச் சொல். அவை கோணலாக இருந்தாலும் ஸ்டியரிங் சாயும்.

வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று நீ எழுதவில்லை. நடுங்கினால் அதற்கு முதலில் பார்க்க வேண்டியது வீல் பேலன்ஸிங், சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது, அது வேறு வேலை.

சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்செடுத்துத் தருவார்கள். இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஆட்டம் பார்த்ததில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அப்பா