மிகப் பெரிய முதன்மை எண்: செய்தியில் கணக்கையும் போடுங்கள்

வணக்கம் ஆசிரியர் ஐயா,

உங்கள் பத்திரிகையில் முதன்மை எண் (1 ஆலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடும், 1 ஐ விடப் பெரிய எண்) பற்றி வந்த செய்தியை மல்லாவியில் என்னிடம் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். வந்தது சந்தோசம். ஆனால் தலைப்பில் ‘உலகின் மிகப் பெரிய முதன்மை எண்’ என்று போட்டிருந்தீர்கள், அது பிழை. இதுவரை தெரிந்தவற்றுள் பெரியது என்றுதான் சொல்லலாம். முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டார்: கையில் உள்ள முதன்மை எண்களை எல்லாம் பெருக்கி 1 ஐக் கூட்டுங்கள், வருகிற எண்ணை அவற்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும், அப்படியென்றால் பட்டியலில் இல்லாத இன்னொன்று இருந்தே ஆக வேண்டும்.

செய்தி முழுக்க எண்ணின் நீளம்தான். 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம், சரி, ஆச்சரியம்தான். ஆனால் 2024 ஒக்ரோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த அந்த எண்ணை எழுத அரை வரி போதும்: 2 இன் 136279841 ஆம் வலுவில் 1 ஐக் கழித்தால் அதுதான். கடைசி இலக்கம் என்ன என்று கேட்டேன். 2 இன் வலுக்கள் 2, 4, 8, 6 என்றே மாறி மாறி முடியும், சுட்டியை, அதாவது எத்தனையாம் வலு என்று சொல்லும் 136279841 ஐ, 4 ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே வலு 2 இல் முடியும், 1 ஐக் கழித்தால் 1. பிள்ளைகளே கொப்பியில் செய்து சொன்னார்கள்.

இவ்வளவு பெரிய எண் முதன்மை எண்தான் என்று எப்படித் தெரியும்? செய்தியில் அது ஒரு சொல்லும் இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. சுட்டி முதன்மை எண்ணாக இருந்தால் மட்டும் போதாது; 2 இன் 11 ஆம் வலுவில் 1 குறைய 2047, அது 23 × 89. 2 இன் வலுவில் 1 குறைந்த இத்தகைய எண்களுக்கு, கணிதவியலாளர் லூக்காஸ் தொடக்கி லெமர் என்பவர் செம்மைப்படுத்திய சோதனை ஒன்று இருக்கிறது. 4 இல் தொடங்குங்கள், வர்க்கித்து (அதை அதாலேயே பெருக்கி) 2 ஐக் கழியுங்கள், சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்யுங்கள், சுட்டியில் 2 குறைந்த தடவைகள். 31 என்பது 2 இன் 5 ஆம் வலுவில் 1 குறைய, அதன் சுட்டி 5, அப்படியானால் மூன்று தடவை: முதலில் 14, அப்புறம் 194 இன் மீதி 8, அப்புறம் 62, அது 31 ஆல் சரியாக வகுபடும். மீதி பூச்சியம் வந்தால் முதன்மை எண், இல்லாவிட்டால் இல்லை. 2047 க்கு ஒன்பது தடவை செய்தால் 1736 மிஞ்சும். அந்த 4 கோடி இலக்க எண்ணையும் இதே சோதனையால்தான் உறுதிப்படுத்தினார்கள்.

வன்னியில் கணித ஆசிரியர் இல்லாத உட்கிராமங்களுக்கும் உங்கள் பத்திரிகை போகிறது. அங்கே ஒரு பிள்ளை பென்சிலோடு இருந்து செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. அடுத்த தடவை இப்படியொரு செய்தி வந்தால், அச்சடிக்க எத்தனை பக்கம் வேண்டும் என்ற வரியை எடுத்துவிட்டு 31 க்கான அந்த மூன்று படிகளைப் போடுங்கள்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிக்கும் வாசகி,
மல்லாவி.