பழைய தாளின் புரொஃபைலைப் புதிய தாளுக்குக் கொடுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
ஈசூன், சிங்கப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஏ4 சாட்டின் புகைப்படத் தாளுக்கு நீங்கள் தரும் ஐசிசி புரொஃபைல் (குறிப்பிட்ட தாளில் நிறம் சரியாக அச்சாக உதவும் வண்ணக் கோப்பு) தவறாக இருப்பது, சரியான புரொஃபைல் தர வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விற்பனைக் கூடத்தில் ஏ4 சாட்டின் தாள் மூன்று பெட்டி வாங்கினேன். அங்கிருந்த ஊழியர் தமிழிலேயே நன்றாக விளக்கினார். "உங்க பிரிண்டர் மாடலுக்கு ஐசிசி புரொஃபைல் எங்க தளத்துலயே இருக்கு, இறக்கிப் போட்டுக்குங்க, கலர் சரியா வரும்" என்றார். பெட்டியின் பின்புறமும் இதையே அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு வாக்கை நம்பித்தான், பிரிண்டர் கம்பெனியின் சொந்தத் தாளை விட்டுவிட்டு உங்கள் தாளை வாங்கினேன். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை.

அச்சிட்டவை என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்கள். தஞ்சாவூரிலும் பினாங்கிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆல்பமாக அனுப்ப வேண்டியவை. அம்மா கட்டியிருந்தது மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. உங்கள் தாளில், உங்கள் புரொஃபைலோடு, அந்த அரக்கு மண்பழுப்பாக வந்தது. மஞ்சளில் பச்சை ஏறியது. புடவையையே எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் பிரிண்ட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; இரண்டும் ஒரே புடவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதைவிட வருத்தம் தந்தது முகங்கள். அப்பாவின் கண்ணுக்குக் கீழேயும் தாடைக்கு அடியிலும், நிழல் விழும் இடமெல்லாம் பச்சை படிந்து, நீண்ட நாள் நோயில் கிடந்தவர் போல் தெரிந்தார். அன்றைக்கு அவர் இருந்த களை எங்களுக்குத் தெரியும்.

திரையில் தெரிவது அச்சு அசலாகத் தாளில் வராது என்பதை நான் அறிவேன். திரை தானே ஒளிவிடுகிறது, தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. சில கடும் நிறங்கள் மைக்கு எட்டாது. என் புகார் அதைப் பற்றியது அல்ல. சாம்பல் நிறப் பட்டை ஒன்றை, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக இறங்கும்படி செய்து அச்சிட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சம அளவில் உள்ள கோப்பு அது, அதில் எந்த நிறச் சாயலும் இருக்கக் கூடாது. உங்கள் புரொஃபைலில் அச்சிட்டபோது நடுச் சாம்பல் முழுக்கப் பாசி பிடித்தது போல் பச்சை. தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிட்டபோதும் அதே பச்சை.

அமைப்புகள் எல்லாம் சரியாக இருந்தன. ஃபோட்டோஷாப்பில் வண்ண நிர்வாகத்தை ஃபோட்டோஷாப்பே செய்யும்படி வைத்து, பிரிண்டர் டிரைவரில் வண்ணத் திருத்தத்தை அடியோடு நிறுத்தியிருந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் திருத்தினால் நிறம் கெடும் என்பது தெரிந்ததே. தாள் வகை உங்கள் குறிப்புத் தாளில் சொன்னதுதான். மைக்கு எட்டாத நிறங்களையும் கறுப்பையும் கையாளும் அமைப்புகளான ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் இரண்டும் அதில் சொன்னபடியே. மானிட்டரை அதற்கான கருவி வைத்து அளந்து சரிசெய்திருந்தேன். மை அசல் மை, மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்கும் நாசில் சோதனையில் ஒரு கோடும் விடுபடவில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் மை காய நேரமெடுக்கும் என்பதால் பிரிண்ட்டை இரவு முழுக்க விட்டுத்தான் பார்த்தேன். அதே கோப்பை, அதே மையில், பிரிண்டர் கம்பெனியின் தாளில் அதற்குரிய புரொஃபைலோடு அச்சிட்டால் அரக்கு அரக்காகவே வருகிறது, சாம்பல் சாம்பலாகவே வருகிறது.

அப்புறம்தான் உங்கள் புரொஃபைல் கோப்பையே மேக் கணினியின் கலர்சிங்க் நிரலில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு ஐசிசி கோப்பும் தான் எப்போது உருவாக்கப்பட்டது, எதற்காக உருவாக்கப்பட்டது என்பதைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். கோப்பின் வெளிப்பெயரில் என் தாளின் பெயர் இருக்கிறது. உள்ளே விவரத்தில் இருப்பதோ நீங்கள் விற்பதை நிறுத்திவிட்ட பழைய சாட்டின் தாளின் பெயர். உருவாக்கிய ஆண்டு 2017. என் பெட்டியின் முகப்பிலோ 'புதிய மேம்படுத்தப்பட்ட பூச்சு' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பூச்சு மாறினால் தாள் மையை உறிஞ்சும் விதம் மாறும். தாளின் வெண்மை மாறும். அதே அளவு மை வேறு நிறமாகத் தெரியும். ஒரு புரொஃபைல் என்பது ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு தாள் மூன்றும் சேர்ந்த கணக்கு. மூன்றில் ஒன்றை மாற்றிவிட்டுப் பழைய கணக்கையே பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. எங்கள் சமூக மன்றப் புகைப்படக் குழுவில் உள்ள நண்பரிடம் நிறத்தை அளக்கும் கருவியான ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்கிறது. உங்கள் தாளில் வண்ணக் கட்டங்களை அச்சிட்டு, மை காய்ந்தபின் ஒவ்வொரு கட்டமாக அளந்து, இந்தத் தாளுக்கென்றே ஒரு புரொஃபைல் செய்து கொடுத்தார். அதைப் போட்டு அச்சிட்டதும் பச்சை போய்விட்டது. அம்மாவின் கரை அரக்காக வந்தது, அப்பாவின் முகம் அப்பாவின் முகமாக வந்தது. உங்கள் தாள் நல்ல தாள் என்பதை இங்கே மனதார எழுதுகிறேன். நிழல்களில் அது தரும் ஆழம் பிரிண்டர் கம்பெனித் தாளிலும் இல்லை. இவ்வளவு நல்ல தாளை இப்படியொரு கோப்போடு அனுப்புகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

உங்கள் உதவிப் பிரிவுக்கு இதையெல்லாம் படங்களோடு எழுதினேன். முதலில் மானிட்டரைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சாம்பல் பட்டை பச்சையாக அச்சாவதற்கும் மானிட்டருக்கும் என்ன சம்பந்தம்? கோப்பில் இருக்கும் எண்கள் திரையில் எப்படித் தெரிந்தாலும் அதே எண்கள்தான். அடுத்து, வண்ணத்தை பிரிண்டரிடமே விட்டுவிடுங்கள் என்றார்கள். பிரிண்டர் டிரைவருக்குத் தெரிந்தது அதன் சொந்தத் தாள்கள் மட்டும். உங்கள் பூச்சைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தானே புரொஃபைலே தருகிறீர்கள்.

மூன்றாவது பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. கறுத்த தோல் நிறம் அச்சில் சரியாக வருவது கடினம், அதனால் முகங்களின் வெளிச்சத்தைக் கூட்டி அச்சிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். இதை நான் ஏற்கவில்லை. எங்கள் தோல் நிறத்தில் எந்தக் கோளாறும் இல்லை. மாநிறமும் கறுப்பும் பிரிண்டர் மைகளின் எல்லைக்குள் தாராளமாக அடங்கும் நிறங்கள். நண்பர் செய்த புரொஃபைலில் அவை அழகாக வந்ததே அதற்குச் சான்று. நிழல் பகுதியில் புரொஃபைல் தவறினால் முதலில் அடிபடுவது கறுத்த முகங்கள்தான், ஏனென்றால் அந்த முகங்களின் விவரமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டினால் பச்சை போகாது, முகம்தான் சாம்பல் பூசியது போல் வெளிறிப் போகும். ஒரு குடும்பம் தன் பெரியவர்களின் படத்தை அச்சிடும்போது அவர்கள் நிறத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

வீட்டில் அச்சிடுகிறவர்களில் பலர் கோப்பைத் திறந்து பார்க்க மாட்டார்கள். தங்களுக்குத்தான் அச்சிடத் தெரியவில்லை என்று நினைத்து, விலையுள்ள மையையும் தாளையும் வீணாக்கிவிட்டு, படங்களைக் கைப்பேசியிலேயே விட்டுவிடுவார்கள். அவர்களுக்காகவும்தான் கேட்கிறேன்.

நான் எதிர்பார்ப்பது இது. இப்போது விற்கும் தாளை அளந்து, நீங்கள் பட்டியலிட்டிருக்கும் பிரிண்டர்களுக்குப் புதிய புரொஃபைல் செய்து தளத்தில் ஏற்றுங்கள். எந்தத் தாளுக்கு எந்த ஆண்டு அளந்தது என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். பழைய கோப்பை இன்றே எடுத்துவிடுங்கள். இருக்கிறவரை யாராவது இறக்கிக்கொண்டுதான் இருப்பார்கள். என் பிரிண்டருக்கான புரொஃபைலை இரண்டு வாரத்துக்குள் தர முடியாது என்றால், மூன்று பெட்டிகளின் விலையைப் பொருள் சேவை வரியோடு திருப்பித் தாருங்கள். பில்லும், பிரிக்காத ஒரு பெட்டியும், இரண்டு புரொஃபைல்களிலும் அச்சிட்ட ஒரே படமும் என்னிடம் இருக்கின்றன. நேரில் வந்து காட்டத் தயார். அந்த மூன்றாவது பதிலுக்கு எழுத்தில் ஒரு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

பெட்டியில் எழுதியபடி பொருள் இல்லையென்றால் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்கும் உரிமையை, 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டம் எனக்குத் தருகிறது. வாங்கி 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பொறுப்பு. நான் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறேன். பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்திடமும் போவேன். அதற்கு முன்னால் நீங்களே சரிசெய்வதைத்தான் விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் தாளில் தொடர்ந்து அச்சிடவே எனக்கு ஆசை.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில்லின் நகல், பெட்டியின் முன்புற, பின்புறப் படங்கள், புரொஃபைல் விவரம் தெரியும் திரைப்பிடிப்பு, சாம்பல் பட்டை பிரிண்ட் இரண்டு.