டப்பாக்களைக் கடையில் போட்ட கணேசனுக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. பக்கம் பக்கமாக உன் சுகரைப் பற்றிப் புலம்பிவிட்டு, கல்யாணி முழுகாமல் இருக்கிற செய்தியைக் கடைசியில் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருக்கிறாய். தாத்தா ஆகப்போகிறவன் செய்கிற வேலையா இது? கோமதி அந்த நாலு வரியைத்தான் முதலில் படித்தாள். அவளுக்கு முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பெங்களூரில் கம்பெனி மாறியிருக்கிறான், சம்பளம் கூடியிருக்கிறது, பேச்சு குறைந்திருக்கிறது. மற்றபடி இங்கே எல்லோரும் சுகம்.

மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 8.1 என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பா அத்தனையையும் காயலான் கடையில் போட்டுவிட்டாயாமே. தங்கச்சி மல்லிகா உன்னோடு பேசுவதில்லை என்று வேறு எழுதியிருக்கிறாய். பின்னே? உளுந்து டப்பாவும் வற்றல் டப்பாவும் என்ன பாவம் செய்தன? "நீ கெமிஸ்ட்ரி வாத்தியார், பிளாஸ்டிக்கால் சுகர் வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்" என்கிறாய். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் பிளாஸ்டிக்கால்தான் சுகர் வருகிறது என்று உனக்கு வந்த வீடியோ முழுக்கப் புருடா என்றும் தள்ளிவிட மாட்டேன்.

பிளாஸ்டிக் என்று மொத்தமாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சர்க்கரை விஷயத்தில் சந்தேகம் விழுவது முக்கியமாக இரண்டு சரக்கின் மேல். ஒன்று பிஸ்பீனால் ஏ. கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும் பாலிகார்பனேட், உணவு டின்களின் உட்பூச்சு, கடையில் தரும் வழுவழுப்பான பில் தாள், இவற்றில் இருப்பது. இன்னொன்று தாலேட்டுகள். பிவிசியை வளைகிற மாதிரி மெத்தென்று ஆக்கச் சேர்ப்பது. சென்ட், நெயில் பாலிஷ் வகையறாவிலும் உண்டு.

பிஸ்பீனாலின் பூர்வோத்தரம் கேட்டால் சிரிப்பாய். 1930களில் இங்கிலாந்தில் டாட்ஸ் என்ற விஞ்ஞானி பெண் ஹார்மோனுக்குப் பதிலாக ஒரு மருந்து தேடினார். அப்போது சோதித்துப் பார்த்ததில் இதுவும் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது என்று 1936லேயே எழுதி வைத்துவிட்டார். அதைவிட வீரியமான வேறொன்று கிடைத்ததால் மருந்தாக இது வரவில்லை. 1950களில் அதே பொருளை வைத்துப் பிளாஸ்டிக் செய்தார்கள். ஹார்மோன் வேலை பார்க்கும் என்று தெரிந்த ஒன்றை அடுக்களைக்குள் விட்டுவிட்டு, அரை நூற்றாண்டு கழித்து ஆராய்ச்சி செய்கிறோம். எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான்.

2006ல் ஸ்பெயினில் ஏஞ்சல் நடால் என்பவரின் குழு சுண்டெலிகளுக்கு இதை மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் ஈஸ்ட்ரோஜனுக்கென்று உள்ள ஏற்பிகளில் இது போய் ஒட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் இன்சுலினைச் சுரக்க வைத்தது. சில நாளிலேயே உடம்பு இன்சுலினுக்கு மசிய மறுத்தது. வாசலில் எவனோ ஓயாமல் காலிங் பெல் அடித்துக்கொண்டே இருந்தால், நாம் எழுந்து போவதையே விட்டுவிடுவோம் இல்லையா, அந்தக் கதைதான்.

எலிக்குச் சரி, மனுஷனுக்கு? அமெரிக்காவில் 1,455 பேரின் சிறுநீரைச் சோதித்து 2008ல் ஒரு கட்டுரை வந்தது. பிஸ்பீனால் அதிகம் இருந்தவர்களிடம் சர்க்கரையும் இதய நோயும் அதிகம் காணப்பட்டன. உலகம் முழுக்கப் பேச்சானது. ஆனால் கொஞ்சம் யோசி. இந்தப் பொருள் உடம்பில் தங்குவதில்லை, சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். ஒரு நாள் சிறுநீர், நேற்று டின் சூப் குடித்தாயா என்பதைச் சொல்லும். பத்து வருஷம் என்ன சாப்பிட்டாய் என்பதைச் சொல்லாது. தவிர, பாக்கெட்டிலும் டின்னிலும் அடைத்ததையே தின்கிறவனுக்கு அதிலுள்ள மாவும் சர்க்கரையும் கொழுப்பும் போதாதா, சுகர் வர?

தாலேட்டுகளிலும் இந்த இழுபறிதான். அமெரிக்காவில் 1,308 பெண்களை ஆறு வருஷம் தொடர்ந்து பார்த்து 2023ல் வெளியிட்டார்கள். சில தாலேட்டுகள் அதிகம் இருந்த வெள்ளைக்காரப் பெண்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அதே ஆய்விலிருந்த கறுப்பினப் பெண்களிடமும் ஆசியப் பெண்களிடமும் அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஏன் என்று யாரும் இன்னும் அடித்துச் சொல்லவில்லை.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2024ல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஒரு சோதனை. ஆரோக்கியமான நாற்பது பேர். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, பாதிப் பேருக்குப் பிஸ்பீனால், அதுவும் அமெரிக்க அரசு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று வைத்திருந்த அதே அளவு. நாலு நாள்தான். பிஸ்பீனால் சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்தது. சின்ன சோதனைதான், நாலு நாளில் யாருக்கும் சர்க்கரை வந்துவிடவில்லை. ஆனாலும் சிறுநீர்க் கணக்கு பார்ப்பது வேறு, நேரே கொடுத்துப் பார்ப்பது வேறு.

இனி உன் விஷயம். 2023ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். உன் அப்பாவுக்கு இருந்தது, சித்தப்பாவுக்குக் காலையே எடுத்தார்கள். அவர்கள் காலத்தில் உங்கள் வீட்டில் பிளாஸ்டிக் என்று இருந்தது தலை சீவுகிற சீப்பு ஒன்றுதான். நீ மூன்று வேளையும் அரிசி தின்று, முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதியவன். டாக்டர் சொன்ன மாத்திரையைப் போடு, சாயங்காலம் நட. டப்பா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்காதே.

அதிலும் நீ தூக்கிப் போட்டவை பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனாக இருக்கும். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். அதைச் செய்யப் பிஸ்பீனால் தேவையே இல்லை. காய்ந்த உளுந்துக்குள் அது என்னத்தை இறக்கிவிடப் போகிறது? சூடோ எண்ணெயோ பட்டால்தான் பிளாஸ்டிக்கிலிருந்து சரக்கு இறங்குவது கூடும். தினம் ராத்திரி ஓட்டலில் பார்சல் வாங்குகிறாயே, அதைக் கவனித்திருக்கிறாயா? கொதிக்கிற சாம்பாரைக் கரண்டியால் மொண்டு மெல்லிசு கவரில் ஊற்றி, காற்று நிற்கிற மாதிரி ஒரு சுழற்று சுழற்றி, நூலால் நாலு சுற்று. கையில் வாங்கினால் சுடும். அந்தக் கவர் பாலித்தீன்தான், பிஸ்பீனால் இல்லை என்று வைத்துக்கொள். எந்தப் பழைய சரக்கை உருக்கிச் செய்தது, என்ன சாயம் கலந்தது, யாருக்குத் தெரியும்? 2019 ஜனவரியிலிருந்து உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் நூல் சுற்றுகிறவர் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறார். உன் வீட்டுத் தூக்குவாளி எங்கே போனது? அதை எடுத்துக்கொண்டு போ. தண்ணீர் கேனிலும் பல பாலிகார்பனேட்தான். லோடு ஆட்டோவில் வெயிலில் காய்ந்து வருவதை இறக்கியதும் பானைக்கு மாற்றிவிடு.

டப்பா பயம் உனக்கு வேண்டியதில்லை. கவனம் வேண்டுமென்றால் அது கல்யாணிக்கு. நடாலின் குழுவே 2010ல் இன்னொன்று பார்த்தது. சினையாக இருந்த எலிகளுக்குப் பிஸ்பீனால் கொடுத்தார்கள். தாய்க்கும் பிற்பாடு சர்க்கரைக் கோளாறு, பிறந்த ஆண் குட்டிகள் வளர்ந்த பிறகு அவற்றுக்கும். கணையம் உருவாகிற நேரத்தில் ஹார்மோன் வேஷம் போடுகிற பொருள் உள்ளே போனால் விளைவு பெரியவர்களுக்கு வருவது போல இருக்காது. எலியில் கண்டதுதான் என்றாலும், பேரப்பிள்ளை விஷயத்தில் சாட்சி முழுசாகச் சேரட்டும் என்று நான் காத்திருக்க மாட்டேன். ஐரோப்பாவில் 2023ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பிஸ்பீனாலின் அனுமதி அளவை இருபதாயிரம் மடங்கு குறைத்தது. காரணம் சர்க்கரை அல்ல, நோய் எதிர்ப்புச் சக்தி. ஜெர்மனிக்காரர்கள் இவ்வளவு குறைக்க வேண்டியதில்லை என்று சண்டை பிடித்தார்கள். எப்படியோ, உணவு படும் பொருட்களில் அதற்குத் தடை வந்துவிட்டது.

கல்யாணியிடம் நான் சொன்னதாகச் சொல். சூடான எதையும் பிளாஸ்டிக்கில் வாங்கவோ மைக்ரோவேவில் வைக்கவோ வேண்டாம். டின் உணவு வேண்டாம். பில் தாளைக் கையில் கசக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். 'பிபிஏ ஃப்ரீ', அதாவது பிஸ்பீனால் ஏ இல்லை, என்று போட்டதை அதிக விலை கொடுத்து வாங்கி ஏமாற வேண்டாம். அதற்குப் பதிலாகப் பல இடத்தில் போடுவது அதன் பங்காளியான பிஸ்பீனால் எஸ், பிரான்சில் ஒரு ஆய்வு அதன் மேலும் சந்தேகம் சொல்லியிருக்கிறது. பால் புட்டிக்குப் பாலிகார்பனேட் கூடாது என்று இங்கே 2015லேயே விதி வந்தது. புட்டியே எதற்கு? தாய்ப்பால், அவசரத்துக்குப் பாலாடை.

இதையெல்லாம்விட முக்கியம், 75 கிராம் குளுக்கோஸைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனை. அப்பனுக்குச் சுகர் இருப்பதால் அவள் தவறவிடவே கூடாது. முதலில் நார்மல் என்று வந்திருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 140ஐத் தொட்டாலோ அதற்கு மேல் போனாலோ உடனே டாக்டரிடம் காட்டச் சொல்.

வளைகாப்புக்கு நாள் குறித்ததும் போன் போடு, நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. சமையல்காரரிடம் இப்போதே சொல்லிவை, பந்தி வாழையிலையில்தான் என்று. உனக்கு மட்டும் பாயசம் கிடையாது.

அன்புடன்,
சிவசுப்பு