அலிக்கு அப்புறம் வந்தவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. "என்ன செய்தாலும் 'பழைய மேடம் இருந்தப்போ'ன்னுதான்ப்பா ஆரம்பிக்கிறாங்க. மீட்டிங் ரூம்ல இருக்கிற அவங்க படத்தை முதல்ல கழற்றணும்." அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். போனை வைத்த பிறகு லாரி ஹோம்ஸ் ஞாபகம்தான் வந்தது. சிரிக்காதே. ராத்திரி முழுக்க யூடியூபில் பழைய குத்துச்சண்டை பார்க்கிற கிறுக்கு என்று நீயும் அம்மாவும் கேலி செய்வீர்களே, அந்தக் கிறுக்கு இன்றைக்காவது உதவட்டும்.

ஹோம்ஸ் யாரென்று உனக்குத் தெரிந்திருக்காது. அவர் கதையே அதுதான். முகமது அலியைத் தெரியும், டைசனைத் தெரியும். அவர்களுக்கு நடுவில் 1978-லிருந்து 1985 வரை ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்து, பட்டத்தை 20 முறை காப்பாற்றியவர் இவர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன்காரர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுக் கார் கழுவப் போனவர். பிறகு அலியின் பயிற்சி முகாமில், அவர் பழகுவதற்காக எதிரே நின்று மோதி அடி வாங்கும் ஆளாகச் சேர்ந்தார். ஒருநாள் அலியின் குத்தில் கண் கறுத்து வீங்கிவிட்டது. ஐஸ் வைக்க வந்தவர்களிடம் வேண்டாம் என்றாராம். ஊருக்குப் போய்க் காட்ட வேண்டுமாம், அலி கொடுத்தது என்று!

அவருடைய சொத்து இடது கை. எதிராளி முகத்துக்கு நேரே சடாரென்று நீண்டு திரும்பும் குத்து. அந்த மாதிரி இடது கை ஹெவிவெயிட்டில் இன்னொருவருக்கு இருந்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1978 ஜூனில், பட்டம் வைத்திருந்த கென் நார்ட்டனோடு மோதியபோது 14 சுற்று முடிந்தும் புள்ளிக் கணக்கு சமம். கடைசிச் சுற்றில் இருவருக்கும் நிற்கவே தெம்பில்லை, ஆனாலும் விடவில்லை. மூன்று நடுவர்களில் இருவர் 143-142 என்று ஹோம்ஸுக்குக் கொடுத்தார்கள். ஒரே ஒரு புள்ளி.

அப்புறம் 1980 அக்டோபர் 2. லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் போட்ட அரங்கம். எதிரே அதே அலி. வயது 38, தைராய்டு மாத்திரையில் உடம்பை இளைக்கவைத்து வந்திருந்தார். பார்க்க முடியாது, பாப்பா. அலியின் கை எழும்பவே இல்லை. ஹோம்ஸ் அடிக்கிறார், சண்டையை நிறுத்தக் கூடாதா என்பது போல ரெஃப்ரி பக்கம் திரும்புகிறார், மறுபடி அடிக்கிறார். பத்தாவது சுற்றோடு அலி தரப்பே போதும் என்று நிறுத்தியது. ஜெயித்தவர் அன்றைக்கு அழுதார். ஜெயித்தும் என்ன, ஊர் அவரை அலியை அடித்தவனாகத்தான் பார்த்தது. 1982-ல் ஜெரி கூனியோடு மோதியபோதும் பார், வழக்கப்படி சாம்பியன் பெயரைத்தான் கடைசியில் அறிவிப்பார்கள். அன்றைக்கு முதலில் அறிவித்தது ஹோம்ஸை. பதிமூன்றாவது சுற்றில் கூனியை வீழ்த்திப் பதில் சொன்னார்.

இதுவரை அவர் கட்சிதான் நான். இனிதான் சங்கடம். 1985-ல் அவர் கணக்கு, அதுவரை மொத்தம் 48 சண்டை, 48 வெற்றி. இன்னும் ஒன்று ஜெயித்தால், ஒரு தோல்விகூட இல்லாமல் 49 சண்டையும் ஜெயித்த பழைய சாம்பியன் ராக்கி மார்சியானோவுக்குச் சமம். செப்டம்பர் 21, மார்சியானோ கடைசியாகச் சண்டை போட்டு சரியாக 30 வருஷம். அன்றைக்குப் போய் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் புள்ளிக் கணக்கில் தோற்றார். தோற்றதோடு விட்டிருக்கலாம். செத்துப்போன மார்சியானோவுக்குத் தன் உள்ளாடையைச் சுமக்கக்கூட யோக்கியதை இல்லை என்கிற மாதிரி பேட்டியில் கொட்டிவிட்டார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஏழு வருஷ உழைப்பை மறந்தவர்கள் அந்த ஒரு வாக்கியத்தை மறக்கவில்லை. நானும் ஒரு காலத்தில், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரைப் பற்றி டீ குடிக்கும்போது ஒரு வார்த்தை விட்டேன். சாயங்காலத்துக்குள் அது அவர் வீடு வரை போய்விட்டது. சரி, அதை நேரில் சொல்கிறேன்.

டைசனிடம் நாலாவது சுற்றில் விழுந்தார், ஓய்ந்தார், திரும்பி வந்தார். 42 வயதில் ஹோலிஃபீல்டோடு 12 சுற்றும் தாக்குப்பிடித்தார். கடைசிச் சண்டை 2002-ல், 52 வயதில், அதிலும் வெற்றி. மொத்தம் 75-ல் 69. சம்பாதித்ததை ஊதாரித்தனமாக அழிக்கவில்லை. ஈஸ்டனிலேயே கட்டடம், உணவகம் என்று போட்டார். ஆற்றங்கரைச் சாலைக்கு அவர் பெயர், 2015-லிருந்து சிலையும் இருக்கிறது.

நீ வரும்போது அந்த நார்ட்டன் சண்டையின் பதினைந்தாவது சுற்றை மட்டும் போட்டுக் காட்டுகிறேன், மூன்றே நிமிஷம். அதுவரை மேடம் படம் சுவரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்புடன்,
அப்பா