சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நம் பக்கத்துப் படப் புத்தகங்கள்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கவிருக்கும் இவ்வேளையில், மழலையர் வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன். சென்ற பெற்றோர் கூட்டத்தில் உங்களில் பலர், வீட்டில் படிக்கப் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்று கேட்டீர்கள். மில்லுக்கும் தறிக்கும் ஷிப்டுக்கும் திரும்ப வேண்டிய அவசரத்தில் நீங்கள் இருந்ததால் அன்று இரண்டொரு வார்த்தையில் சொல்லி முடித்தேன்; அதையே இங்கு விரிவாகச் சொல்கிறேன். தமிழிலேயே எழுதப்பட்ட, நம் ஊர்களையும் நம் வீடுகளையும் அறிந்த எழுத்தாளர்களும் ஓவியர்களும் உருவாக்கிய படப் புத்தகங்களை முதலில் வாங்குங்கள். மொழிபெயர்ப்புகளும் ஆங்கிலப் புத்தகங்களும் தாராளமாக வரட்டும், ஆனால் அவை இரண்டாவதாக வரட்டும்.

பெரும்பாலான வீடுகளில் இப்போது இருப்பவை, பேருந்து நிலையக் கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ வாங்கிய எழுத்துப் புத்தகங்களும், பளபளப்பான அட்டையுடன் கூடிய நீதிக்கதைத் தொகுப்புகளும், பனி கொட்டும் நாட்டில் நடக்கும் ஆங்கிலக் கதைகளும்தான். அவற்றில் தீங்கு ஒன்றும் இல்லை. ஆயினும் அவை பிள்ளையைப் பேச வைப்பதில்லை என்பதை வகுப்பறையில் நாங்கள் கண்கூடாகப் பார்க்கிறோம்.

ஒன்றாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஆசிரியை ஒருவர், பசுவும் கன்றும் உள்ள ஒரு படப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு முன் விரித்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். படத்தில் திமில் நிமிர்ந்த காங்கேயம் மாடு அழகாகவே வரையப்பட்டிருந்தது. அதன் காலடியில் நின்ற கன்றும் தாயைப் போலவே வெள்ளையாக இருந்தது. வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கன்னுக்குட்டி செவலையா இருக்கோணுமுங்க. பொறந்தவொடனே வெள்ளையா இருக்காதுங்க" என்றான். அவன் சொன்னது முற்றிலும் சரி. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, ஏறத்தாழ 6 மாதத்தில்தான் சாம்பல் கலந்த வெள்ளைக்கு மாறும். பக்கத்திலிருந்த பெண் பிள்ளை, "எங்க அப்பாரு ஊட்டுலயும் அப்படித்தானுங்க" என்று சேர்ந்துகொள்ள, வகுப்பே கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்துக்குள் இறங்கிவிட்டது. கிளுவை வேலியில் படல் எங்கே இருக்கும், கொழுக்கட்டைப் புல்லை மாடு எப்படி மேயும், வெள்வேல மரத்தடியில் கன்று எப்படிப் படுத்திருக்கும் என்று ஆளுக்கொன்றாகச் சொல்ல, ஆசிரியை அவற்றைச் சிறு சிறு வாக்கியங்களாகக் கரும்பலகையில் எழுதினார். எழுத்துக் கூட்டித் திணறும் பிள்ளைகள்கூட மறுநாள் அந்த வாக்கியங்களைத் தடையின்றிப் படித்தார்கள். அவை அவர்களே சொன்ன வாக்கியங்கள் அல்லவா?

இதே பிள்ளைகளிடம் பனிமனிதன் கதையைக் காட்டினால், ஒழுங்காக உட்கார்ந்து, படத்தைப் பார்த்து, சொன்னதை எல்லாம் நம்பிவிட்டு எழுந்து போவார்கள். தான் அறிந்த பொருள் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிள்ளைக்கு அதைச் சோதித்துப் பார்க்கவும், சரி தவறு சொல்லவும், ஓவியரையே மறுத்துப் பேசவும் தைரியம் வருகிறது. வாசிப்பின் முதல் படி இதுவே என்று நான் கருதுகிறேன். எழுத்தைக் கூட்டிச் சத்தமாகச் சொல்வது அதற்கு அடுத்த படி.

படப் புத்தகம் என்பதைப் படம் போட்ட கதைப் புத்தகம் என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் வேறு. பாடநூலில் "இது மரம்" என்று எழுதி மேலே மரத்தை வரைந்திருப்பார்கள். அங்கே படம் எழுத்துக்கு ஏவலாள். நல்ல படப் புத்தகத்தில் எழுத்து பாதிக் கதையைத்தான் சொல்லும், மீதியைப் படம் சொல்லும், சில இடங்களில் எழுத்து ஒன்று சொல்லப் படம் வேறொன்றைக் காட்டிக் கொடுத்துவிடும். எடுத்துக்காட்டாக, சென்னையைச் சேர்ந்த அசோக் ராஜகோபாலன் தாமே எழுதித் தாமே வரைந்து, துலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கஜபதி குலபதி' எங்கள் வகுப்பு நூலகத்தில் கிழிந்து, ஒட்டி, மீண்டும் கிழிந்த புத்தகம். ஒரு பெரிய யானைக்குச் சளி பிடிக்கிறது என்பதுதான் கதை. தும்மல் எப்போது வரும் என்று காத்திருப்பதற்காகவே பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். அந்தத் தும்மலை வகுப்பே சேர்ந்து தும்முகிறது. இதில் நீதி ஏதும் இல்லையே என்று ஒரு தந்தை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இல்லைதான். அதனால்தான் பிள்ளை அதைப் பத்தாவது முறையும் எடுக்கிறது.

நம் பக்கத்து எழுத்தாளர்கள் என்று சொன்னவுடன், அப்படி யார் இருக்கிறார்கள் என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். மொடக்குறிச்சிக்கு அருகில் மஞ்சக்காட்டு வலசில் 1908ஆம் ஆண்டு பிறந்த பெரியசாமித் தூரன், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். பின்னாளில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, அந்தப் பெரும்பணியோடு நிற்காமல், குழந்தைகளுக்கென்றே 10 தொகுதிகளில் தனிக் கலைக்களஞ்சியம் ஒன்றையும் உருவாக்கித் தந்தார். பெரியவர்களுக்கான அறிவு நூலில் உழைத்த ஒருவர் குழந்தைகளுக்காகவும் அதே அளவு உழைக்க முன்வந்தார் என்பது நம் மண்ணுக்குப் பெருமை. அத்தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இன்றும் காணலாம். சற்று வளர்ந்த பிள்ளையுடன் உட்கார்ந்து படங்களைப் பார்ப்பதற்கு ஏற்றவை. பாடல்களுக்குப் புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா இருக்கிறார், அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் அம்மாயிகளுக்கே அவர் பாடல்கள் மனப்பாடமாக இருக்கும்.

இன்றைய பதிப்பகங்களில் துலிகாவும் தாராவும் சென்னையிலிருந்து படப் புத்தகங்களை வெளியிடுகின்றன. 1994இல் தொடங்கப்பட்ட தாரா, நாட்டுப்புற, பழங்குடி ஓவியர்களைக் கொண்டு உருவாக்கும் புத்தகங்களுக்காக உலக அளவில் பெயர் பெற்றது. அவற்றின் விலை கொஞ்சம் கைக்கு எட்டாது என்பதால் வீட்டுக்கு வாங்குவதைவிட நூலகத்தில் பார்ப்பதே நல்லது. பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வெளியீடுகளும் வானம் பதிப்பகத்தின் வெளியீடுகளும் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டின் புத்தகங்கள் மலிவானவை. ஆனால் அவற்றில் மொழிபெயர்ப்பே மிகுதி. நான்கு, ஐந்தாம் வகுப்பில் அண்ணனோ அக்காவோ இருந்தால், சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இரா. நடராசன், யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி முதலியோரின் நூல்களை அவர்களுக்குத் தேடித் தாருங்கள். அவை சின்னப் பிள்ளைகளுக்கு நீளம்.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும், அட்டையில் எழுத்தாளர் பெயரோடு ஓவியர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பெயரும் இல்லாத புத்தகம், எங்கிருந்தோ எடுத்த படங்களுக்கு யாரோ வசனம் ஒட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிறகு நடுப்பக்கம் ஒன்றை விரித்து, எழுத்தை விரலால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். பேசுவதற்கு ஏதாவது இருந்தால் வாங்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம் போதும். 'ஓடிக்கொண்டிருந்தவனைக்கண்டதும்' என்பது போல ஒட்டி எழுதிய நீண்ட தொடர்கள் இருந்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். அதை நீங்கள் படித்துக் காட்டுவதற்கென்று வைத்துக்கொள்ளலாம். கதைமாந்தர் பேசும் இடத்தில் பேச்சுத் தமிழ் வந்தால் அதைப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். "வாங்கோ", "இருக்கோணும்" என்று அச்சில் பார்க்கும் பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சும் புத்தகத்தில் ஏறத் தக்கதுதான் என்பது புரிகிறது; தேர்வில் எழுத வேண்டிய தமிழை நாங்கள் பள்ளியில் சொல்லித் தந்துவிடுவோம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 24 பக்கப் புத்தகத்துக்கு இவ்வளவா என்று நீங்கள் தயங்குவது இயல்பு. எல்லாப் பக்கமும் பல வண்ண அச்சு, கெட்டித் தாள், அச்சாகும் படிகளோ குறைவு, இவற்றோடு எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் ஊதியம் தர வேண்டும் என்பதால் விலை கூடுகிறது. நூறு கதைகள் அடங்கிய மலிவுத் தொகுப்பு ஒன்றைவிட, பிள்ளை திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே ஒரு புத்தகம் சிக்கனமானது என்பது என் கணக்கு.

படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். எழுத்தே இல்லாத படப் புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு அப்பாருவோ ஆத்தாவோ ஒவ்வொரு இரவும் வேறொரு கதை சொல்லலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்காக வந்து இங்கே குடியிருக்கும் பெற்றோர்களுக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் மொழியிலேயே பிள்ளைக்குக் கதை சொல்லுங்கள். அந்தப் பிள்ளை மறுநாள் அதே படத்தைக் காட்டித் தமிழில் எங்களுக்குச் சொல்ல முயல்கிறது, அந்த முயற்சி எந்தப் பயிற்சித் தாளையும்விடப் பெரிது.

செலவே செய்ய இயலாத நிலையிலும் வழி உண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஏராளமான தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. 'முதல் நிலை' என்று குறித்திருப்பவை நம் பிள்ளைகளுக்கு உரியவை. ஆனால் செல்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இரண்டு கதைக்குப் பிறகு விரல் தானாக வீடியோவுக்குப் போய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேலும், பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைப் புத்தகங்கள் பள்ளியில் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு 'நுழை' வரிசையில் தொடங்குகிறோம். நம் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளைகள் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் வியப்பீர்கள்.

கொங்கு நாட்டைக் களமாகக் கொண்ட படப் புத்தகங்கள் இன்னும் போதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டி, சென்னிமலைத் தறி, திருப்பூர்ப் பின்னலாடை, சந்தைக்கு ஆடு கொண்டுபோகும் டெம்போ, இவை எல்லாம் ஓவியருக்காகக் காத்துக்கிடக்கின்றன. பொன்னர், சங்கர் சகோதரர்களைப் பற்றிய அண்ணன்மார் கதையைப் படப் புத்தகமாக வாங்கலாமா என்று ஒருவர் கேட்டார். போரும் சாவும் நிறைந்த அக்கதை இவ்வயதுக்கு வேண்டாம், சற்று வளர்ந்தபின் உடுக்கை ஒலியோடு கேட்டுக்கொள்ளட்டும். அதுவரை இக்குறையை நாமே ஓரளவு நிரப்பலாம். விடுமுறையில் பிள்ளை வரைய, வீட்டில் ஒருவர் பக்கத்துக்கு ஒரு வாக்கியம் எழுத, நான்கு தாளை மடித்து நடுவில் தைத்தால் 16 பக்கப் புத்தகம் ஆகிவிடும். களம் உங்கள் தறிக்குழியாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், கம்பெனி வண்டியாக இருக்கலாம். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், ஓவியத்தைத் திருத்தவே வேண்டாம்.

பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு படப் புத்தகம் துணிப்பையில் வீட்டுக்கு வரும். திங்கட்கிழமை திருப்பி அனுப்புங்கள். கிழிந்தால் பிள்ளையைத் திட்டாமல் அப்படியே கொடுத்தனுப்புங்கள், நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம். கோவை, ஈரோடு புத்தகத் திருவிழாக்கள் வழக்கமாக ஜூலை, ஆகஸ்டில் நடப்பதால் இவ்வாண்டுக்கு அவை முடிந்துவிட்டன. திருப்பூர்த் திருவிழா புத்தாண்டுக்குப் பின் வரும் என்பதால், விரும்பும் பிள்ளைகளுக்கு இப்போதே ஒரு மண் உண்டியல் தருகிறோம். அதில் சேரும் காசுக்கு என்ன புத்தகம் வாங்குவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வீட்டில் செய்த புத்தகங்களை வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தால், அவற்றுக்கும் வரிசை எண் இட்டு வகுப்பு நூலகத்தில் மற்றவற்றோடு அடுக்கி வைப்போம். மற்றப் பிள்ளைகள் அவற்றையும் வெள்ளிக்கிழமை எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்