தொற்றோடு பிரசவிக்கும் தாய்மாருக்கு எழுத்துபூர்வ நெறிமுறை கோரி மனு

அனுப்புநர்:
தொற்றுக் காலத்தில் பிரசவித்த தாய்மார்கள்

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: தொற்றுள்ள கர்ப்பிணிக்குப் பிரசவத் துணை, குழந்தையைத் தாயிடமே வைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கொரோனா அலையின்போது தொற்றோடு பிரசவ அறைக்குள் போனவர்கள் நாங்கள். பரிசோதனை முடிவு வந்ததுமே கூட வந்தவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். வலி எடுத்தபோது இடுப்பைப் பிடித்துவிட ஆளில்லை. தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டாத மேசையில் இருந்தது. செவிலியர்களைக் குறை சொல்ல மாட்டோம். கவச உடைக்குள் வேர்த்துக் கொட்டியபடி ஓடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆள் போதாத வார்டில் யாரை என்று கவனிப்பார்கள்?

பிறந்த கையோடு குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். எங்களில் ஒருவர் தன் மகளின் முகத்தை முதலில் பார்த்ததே செல்போன் வீடியோவில்தான். இங்கே மார்பு கட்டிப் பால் கசிந்து உடை நனைய, அங்கே குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். எப்போது தருவீர்கள் என்று கேட்டால் வேளைக்கு ஒரு பதில் வந்தது.

இத்தனைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே தெளிவாகச் சொல்லியிருந்தது: கொரோனா இருந்தாலும் தாய் விரும்பும் ஒருவர் துணைக்கு இருக்கலாம், கை கழுவி, முகக்கவசம் அணிந்து தாய்ப்பால் கொடுக்கலாம், குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளலாம், தொற்று ஒன்றையே காரணமாக்கி சிசேரியன் செய்யத் தேவையில்லை. இது வார்டு வாசலைத் தாண்டி வரவில்லை என்பதே எங்கள் குறை.

எல்லாத் தொற்றும் ஒன்றல்ல என்பதும் தெரியும். பிரசவத்தை ஒட்டி வரும் சின்னம்மை, சிகிச்சை தொடங்காத நுரையீரல் காசநோய் போன்றவற்றில் சில நாள் பிரித்து வைக்க நேரலாம். அப்போதும் பெரும்பாலும் பீய்ச்சிய தாய்ப்பாலைக் கொடுக்க முடியும். யாரும் அதை எங்களிடம் சொல்லவில்லை.

எனவே, எந்தத் தொற்றுக்கு எவ்வளவு நாள் பிரிவு, யார் முடிவெடுப்பது, எப்போது மறுபரிசீலனை என்பதை எழுதி எல்லாப் பிரசவ வார்டுகளுக்கும் அனுப்ப வேண்டும். பிரிக்க நேர்ந்தால் மருத்துவர் காரணத்தைத் தாயிடம் நேரில் விளக்கிக் கேஸ் ஷீட்டில் பதிய வேண்டும். துணைக்கு வருபவருக்கும் முகக்கவசம் தர வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் தாயின் மனநிலையையும் விசாரிக்க வேண்டும். எங்களில் சிலருக்கு இன்னும் தூக்கம் சரியாகவில்லை.

அடுத்த தொற்று அலை வருமுன் இந்த ஆணையைப் பிறப்பித்து, எடுத்த நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்